நோயாளியிடம் மறைப்பது நியாயமா?

கெத்தில் ஆறு மூடா ஆற்றில் கலக்கும் நம் கோலா கெத்தில் வட்டாரத்தில், நெடுங்காலம் கடை நடத்திய பெரியவர் ஒருவருக்கு மலத்தில் இரத்தம் கண்டது. மூலம் என்றெண்ணி ஒரு வருஷத்தைத் தைலத்திலும் லேகியத்திலும் கழித்தார். பின்னர் சோதித்ததில் பெருங்குடலில் புற்று, கல்லீரலிலும் பரவியிருந்தது. டாக்டர் அதை வராந்தாவில் வைத்து மூத்த மகனிடம் சொன்னார். "அத்தாவுக்குத் தெரிய வேண்டாம்" என்றார் மகன்.

அன்பினால் வந்த சொல்லே அது, ஐயமில்லை. ஈரலுக்குப் போய்விட்டால் தீர்ந்தது கதை என்று நம்மவர் நினைப்பதால் வந்த சொல்லுமாகும். அந்த நினைப்பு பழையது. 1957-ல் குவினோ என்ற பிரெஞ்சு வைத்தியர் கல்லீரலை எட்டுக் கூறாகப் பிரித்துக் காட்டினார். ஒவ்வொரு கூறுக்கும் தனி இரத்த ஓட்டம் இருப்பதால், கெட்ட கூற்றை வெட்டி நல்லதை விட்டுவைக்க இயலும். நோயற்ற ஈரலாயின் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கு வரை எடுத்தாலும் மிஞ்சியது சில மாதங்களில் வளர்ந்துகொள்ளும். இறைவன் வேறெந்த உள்ளுறுப்புக்கும் இவ்வளவு தாராளமாக இதனை அளிக்கவில்லை.

எல்லோருக்கும் இது ஆகாது. கட்டிகள் எத்தனை, எங்கே உள்ளன, வேறிடம் பரவியதா என்று பார்த்தே முடிவு செய்வர். பலருக்கு முன்னும் பின்னும் மாதக்கணக்கில் கடுமையான மருந்தும் உண்டு. தகுந்தவர்களுக்கு வெட்டியபின் பத்தில் நால்வரளவில் ஐந்தாண்டு கடந்தும் இருக்கிறார்கள். பலருக்கு நோய் திரும்பவும் வருகிறது.

இந்த லாப நஷ்டக் கணக்கைப் பார்க்க வேண்டியவர் யார்? வெற்று ரொக்காவில் கையெழுத்துப் போட மறுக்கும் நம் முதலாளிமார், எதற்கென்றே அறியாமல் தம் வயிற்றைத் திறக்கச் சம்மதம் எழுதிக் கொடுப்பதா?

வேறொன்றும் உண்டு. நம்மில் பலருக்குப் பாதிக் கணக்கு ஏட்டிலும் பாதி மனத்திலும்தான். யாருக்குப் பாக்கி, எவருடைய அமானிதம் பெட்டியில் இருக்கிறது என்பதை அவரே சொல்ல வேண்டும். வாரிசல்லாதவருக்கு மூன்றிலொரு பங்குக்குள் வஸிய்யத் செய்ய ஷரீஅத் அளித்த உரிமையையும் மறைப்பவர் பறித்துவிடுகிறார்.

"சொன்னால் மனமுடைந்து போவார்" என்பர். சிலர் உடைவதுண்டு; மறுப்பதற்கில்லை. சிலர் தாமே, "எனக்குச் சொல்லாதீர்கள், மகனிடம் பேசுங்கள்" என்பதும் உண்டு. அது அவர் விருப்பம். ஆனால் அவரைக் கேட்டல்லவா அதை அறிய வேண்டும்? விதிப்படி ஆகட்டும் என்போருக்கு, ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழியை நினைவூட்டுவோம். எல்லாம் அறிந்தபின் ஒருவர் கத்தி வேண்டாம் என்றால், அவரைக் குற்றவாளியாக்கவும் கூடாது. குணம் நிச்சயமில்லாதபோது வைத்தியம் கடமையாகாது என்பதே பெரும்பாலான ஃபிக்ஹு அறிஞர் கருத்து.

ஐம்பது வயது தாண்டியவருக்கு அரசாங்கக் கிளினிக்கில் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். வெட்கத்தால் நம்மவர் போவதில்லை.

அந்த மகன் ஒரு வாரம் தூக்கமின்றி இருந்து, கடைசியில் சொல்லிவிட்டார். அத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு பினாங்கு மொத்தக் கடைக்குத் தர வேண்டிய பாக்கி எவ்வளவு என்று கேட்டார். அடுத்து, "வெட்டினால் எத்தனை நாள் கடைக்கு வர முடியாது?" என்றார்.