கொடியில் கிடந்த உடுப்புகள்

புத்தளத்திலேயே தங்கிவிட்ட மாமியின் பிள்ளைகள் மன்னாரைப் பார்க்க வந்தார்கள். காலையில் நான் குடியிருக்கும் பெரியமடுவுக்கு வந்து என்னையும் வானில் ஏற்றிக்கொண்டார்கள். கோட்டை, பெருக்கமரம், தலைமன்னார் இறங்குதுறை. மஃரிபுக்கு முன் திரும்பிவிடலாம் என்று கணக்கு. கணக்குத் தப்பவில்லை.

பள்ளிமுனைப் பெருக்கமரத்தடியில் நடந்த ஒன்றுதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. ஏறத்தாழ 19.5 மீட்டர் சுற்றளவுள்ள மரம் அது. ஒட்டகத் தீனிக்காக அரபு வணிகர்கள் கொண்டுவந்த இனம் என்பார்கள். முழு மரத்தையும் படத்துக்குள் அடக்கப் பிள்ளைகள் பின்னுக்குப் பின்னுக்கு நகர்ந்தார்கள். பக்கத்து வளவில் உடுப்புக் காயும் கொடி. யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து கொடியில் கிடந்ததையெல்லாம் மளமளவென்று உருவித் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு சாரம், ஒரு துவாய், ஒரு பள்ளிக்கூடச் சட்டை. “இப்ப எடுங்க தம்பி, மறைக்காது” என்று ஒதுங்கி நின்றார். சட்டை இன்னும் காயவில்லை. அவருடைய தோள் நனைந்தது.

படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. பக்கத்தில் குடியிருப்பே இல்லாததுபோல மரம் தனியாக நிற்கிறது.

1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் சின்னப்பிள்ளை. நாங்கள் போய்ச் சேர்ந்த புத்தளத்து ஓலைக்கொட்டிலில் வாப்பா இரவிரவாக மன்னார் கதை சொல்வார். அதில் கோட்டை வந்ததாக நினைவில்லை. கச்சேரியில் காத்திருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனது, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டது, இவைதான் அவருடைய மன்னார். போர்த்துக்கேயர் 1560இல் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைக்குப் போன கோட்டையை ஒவ்வொரு முறையும் கடந்துதான் அவர் பட்டினத்துக்குள் போயிருப்பார்.

அந்தப் புத்தளத்தில்தான் இப்னு பதூதாவின் பயணக்கதையைப் படித்தேன். 1344இல் இந்தக் கரையில் இறங்கியவர் அவர். இங்கிருந்த அரசன் ஆரியச் சக்கரவர்த்தி முத்துக்களைக் கொடுத்து, வேறென்ன வேண்டும் என்று கேட்டபோது, பாவாதமலைக்குப் போகவேண்டும் என்றாராம். அரசன் பல்லக்கும் ஆட்களும் கொடுத்தான். சாப்பாட்டுச் சாமான் சுமக்க மட்டும் பதினைந்து பேர் என்று வாசித்த ஞாபகம். வாசித்த அன்று நானும் பதூதாவோடுதான் மலை ஏறினேன். இப்போது மனம் அந்தப் பதினைந்து பேரின் தோள்களில் போய் நிற்கிறது. அவர்கள் யார், எந்த ஊர் என்று அந்தப் பயணக்கதையில் இல்லை.

வேறொரு விதமாகவும் யோசிக்கிறேன். விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் உம்மாவும் முதலில் முற்றத்துக் கொடியைத்தான் வெறுமையாக்குவார். அந்தப் பெண் செய்ததும் அந்த மரியாதைதானோ? ஆனால் விருந்தாளி என்றால் உள்ளே வந்து இருப்பார், தேத்தண்ணி குடிப்பார், அந்தச் சட்டைக்குரிய பிள்ளை எத்தனையாம் வகுப்பு என்று கேட்பார். நாங்கள் மரத்தைப் பார்க்க வந்தவர்கள். அந்தக் கை வேகத்தை நினைத்தால், இது அவருக்கு அன்றாட வேலையாகிவிட்டது போலத்தான் தெரிகிறது.

தலைமன்னாரில் பிள்ளைகள் வெகுநேரம் நின்றார்கள். 1914இலிருந்து ரயிலில் வந்தவர்கள் அங்கே இறங்கித் தனுஷ்கோடிக்குக் கப்பலேறினார்கள். 1964 புயலோடு அந்தத் தனுஷ்கோடிப் பயணம் முடிந்தது. துறை இயங்கிய காலத்தில், பெட்டியும் படுக்கையுமாக ஓடியவர்களில் எத்தனை பேர் அதை நின்று பார்த்திருப்பார்கள்? வேலை நின்ற பிறகுதான் இடம் காட்சியாகிறது என்று அங்கே எனக்குப் பட்டது. கோட்டையும் அப்படியே. கொடி அப்படியில்லை. அதில் நாளைக்கும் உடுப்புக் காயவேண்டும். அதனால்தான் அது மறைப்பாகத் தெரிகிறதோ?

ஆனால் அந்தப் பிள்ளைகளை எப்படிக் குறை சொல்வது? போர் முடிந்து நான் முதன்முதலாகப் பெரியமடுவுக்கு வந்ததும் ஒரு பகலுக்குத்தான். காடேறிக் கிடந்த வளவைப் பார்த்தோம், படம் எடுத்தோம், இருட்ட முன்னே புத்தளம் திரும்பிவிட்டோம். அந்த ஒரு பகல் இல்லாவிட்டால் குடியிருக்க வந்திருப்பேனா? ஒரு நாள் பார்வை ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த முறை பெரியமடுக் குளத்தைப் பார்க்க வேண்டும் என்று மச்சான் சொல்லியிருக்கிறான். எந்த நேரம் வந்தால் நல்லது என்று கேட்டான். மத்தியானம் குளக்கட்டு வெறிச்சோடிக் கிடக்கும், படத்துக்கு நல்லது. பின்னேரம் சனம் குளிக்க வரும், மாடுகள் வரும், அதுதான் குளம். அந்த நேரத்தில் வேற்று ஆட்களோடு போய் நின்றால் குளிக்கிற பெண்கள் கரையேறிப் போய்விடுவார்கள். எந்த நேரம் வரச்சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.