பள்ளி விரிப்பில் படிந்த கறை

  



சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம், பெருங்களத்தூர் எனத் தாம்பரத்தைச் சுற்றியுள்ள புறநகர்களில் எந்தப் பள்ளிவாசலுக்குள் நுழைந்தாலும் இன்று காலுக்கு மெத்தென்று கார்ப்பெட் தட்டுப்படுகிறது. நம் பாட்டனார் காலத்தில் பள்ளியில் கோரைப் பாய்தான். பத்தமடைப் பாய் கிடைத்தால் அது விசேஷம். அதை நெய்த கைகளும் நம் சமுதாயத்துக் கைகளே. பிறகு பவானி ஜமக்காளம் வந்தது. பாயில் கஞ்சி சிந்தினால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. ஜமக்காளத்தில் சிந்தினால் எடுத்து உதறி அலசி வெயிலில் போடலாம். சுவருக்குச் சுவர் ஒட்டிப் போடப்பட்ட கார்ப்பெட்டை எங்கே எடுத்துப் போய் அலசுவது? அதிலும் வெளிர் நிறமாக இருந்துவிட்டால் ஒரு துளியும் ஊருக்கே தெரியும்.

நாம் இமாமத் செய்யும் பள்ளியிலும் சென்ற ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பு சந்தன நிறத்தில் புது விரிப்பு போட்டார்கள். நூறும் இருநூறுமாகச் சேர்ந்த பணம் அது. ஆட்டோ ஓட்டும் சகோதரர் ஒருவர் ஒரு நாள் வரும்படியை அப்படியே கொண்டுவந்து கொடுத்தார்.

ஆறாம் நோன்பு திறக்கும் நேரம். எல்லோரும் வெளித் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தோம். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் ஒரு கையில் கஞ்சிக் கோப்பையும் மறு கையில் ரோஸ் சர்பத்துமாக உள்பள்ளிக்குள் ஓடினான். இரண்டாம் ஸஃபில் கால் இடறியது. கஞ்சி ஒரு பக்கம், சர்பத் ஒரு பக்கம். நான்கு பேர் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். சகோதரர்களே, மறைப்பானேன்? நாமும் சத்தம் போட்டோம். "உன்னை யார் உள்ளே விட்டது?" என்று கேட்டோம். அவன் பதில் சொல்லவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அன்று மாலை இரண்டு தவறுகள் நடந்தன. ஒன்று விரிப்புக்குச் செய்தது. மற்றொன்று அந்தப் பிள்ளைக்குச் செய்தது.

தொழுகை கூடுமா?

மக்ரிபு முடிந்ததும் ஆர்வமுள்ள வாலிபர்கள் துணி துவைக்கும் பவுடரை அள்ளிப் போட்டு, போர்வெல் தண்ணீரை ஊற்றித் தேய் தேய் என்று தேய்த்தார்கள். கறை ஒரு முழம் அகலமாயிற்று. கஞ்சியின் மஞ்சள், சோப்புக் காரம் பட்டதும் சிவந்தது. இஷாவுக்கு வந்த பெரியவர் ஒருவர் அதைக் கண்டு, "ஹஜ்ரத், இங்கே இரத்தம் சிந்தியிருக்கிறதே, இதன்மீது தொழலாமா?" என்று பதறினார்.

எனவே சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். கஞ்சி, சர்பத், பேரீச்சம்பழம், தேன், மிட்டாய் ஆகியவை அழுக்கே தவிர நஜிஸ் அல்ல. அவை சிந்திய இடத்தில் தொழுதால் தொழுகை கூடும். பள்ளியை அழுக்காக வைத்திருப்பது அதபுக்கு மாற்றம் என்பது வேறு விஷயம்.

சிறுநீர், இரத்தம், வாந்தி போன்றவை பட்டால் அது நஜிஸ். ஷாஃபிஈ மத்ஹபில் முதலில் அந்தப் பொருளை அகற்றிவிட்டு, பிறகு அவ்விடம் முழுவதும் பரவும்படி தண்ணீர் ஊற்றினால் போதும். ஹனஃபீ மத்ஹபில், பிழிய முடியாத விரிப்பை மூன்று முறை கழுவி, ஒவ்வொரு முறையும் நீர் சொட்டுவது நிற்கும்வரை விட வேண்டும். முயன்றும் போகாத நிறம் தங்கிவிட்டால் குற்றமில்லை என்பதில் இரு மத்ஹபினரும் ஒன்றுபடுகிறார்கள். துணியில் பட்ட இரத்தத்தைப் பற்றிக் கேட்ட ஒரு பெண்மணிக்கு, தண்ணீரால் கழுவினால் போதும், மிஞ்சும் தடம் தீங்கு செய்யாது என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியிருப்பது அபூதாவூதில் வருகிறது. கறையின் நிழலைக் கண்டு வஸ்வாஸுக்கு ஆளாக வேண்டாம்.

கறை போக்கும் முறை

பள்ளியின் விரிப்பு வக்ஃபுச் சொத்து; பலருடைய அமானத். அதைக் கெடுக்கும் விதத்தில் சுத்தம் செய்வதும் அமானத்தில் குறைவைப்பதே. துணி, விரிப்பு வியாபாரத்தில் பழகிய நம் முஹல்லாச் சகோதரர்களிடம் கேட்டும், செய்து பார்த்தும் அறிந்ததைச் சொல்கிறோம்.

முதலாவது, தேய்க்காதீர்கள். தேய்த்தால் ஒட்டுப் பொருள் இழைகளின் அடிவரை இறங்கும், பக்கவாட்டிலும் பரவும். கஞ்சியானாலும் பேரீச்சம்பழமானாலும் ஒரு கரண்டியை எடுத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்ல வழித்தெடுங்கள். பிறகு வெள்ளைத் துணியை மடித்து வைத்து அழுத்தி ஈரத்தை உறிஞ்ச விடுங்கள். சாயத்துணி வேண்டாம்; அதன் நிறமும் விரிப்பில் ஏறும்.

இரண்டாவது, சர்க்கரைக்கு மருந்து தண்ணீரே. சர்பத்தின் பிசுபிசுப்பு வெதுவெதுப்பான நீரில் கரைந்துவிடும். துணியை நனைத்து ஒற்றுங்கள். உலர்ந்த துணியால் உறிஞ்சுங்கள். பிசுக்கு விடும்வரை திரும்பச் செய்யுங்கள். கஞ்சிக்குச் சாதாரண நீரே நல்லது. எண்ணெய்ப் பசை இருந்தால் ஒரு குவளை நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் போதும். கூடுதலாகப் போட்ட சோப்பு வெளியே வராமல் இழையிலேயே தங்கும். அதுவே பிசுக்காகி, நடப்பவர் கால் தூசியையெல்லாம் இழுத்துப் பிடித்து, ஒரே வாரத்தில் கறுத்துப்போகும். நம் பள்ளியில் நடந்தது அதுதான். சர்க்கரையும் மிஞ்சியிருந்ததால் எறும்பும் வரிசை கட்டியது.

நம் புறநகர்களில் பல இடங்களில் போர்வெல் தண்ணீர் உப்பும் கடினமும் உடையது. அதில் சோப்பு நுரைக்காது, திரியும். ஆகையால் கடைசியாக அலசும் நீரையாவது குடிநீர்க் கேனிலிருந்து எடுங்கள்.

மூன்றாவது, மஞ்சள் கறையில் சோப்புக் காரம் படக் கூடாது. பட்டுச் சிவந்துவிட்டால் பயப்பட வேண்டாம். சில துளி எலுமிச்சைச் சாறு கலந்த நீரால் ஒற்றினால் சிவப்பு மாறி மஞ்சளாகும். மிஞ்சும் மஞ்சள், வெயில் படும் இடமானால் நாளடைவில் வெளுக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டால் கறையோடு விரிப்பின் நிறமும் போய்விடும்.

நான்காவது, பிள்ளைகள் துப்பிய சூயிங்கம் ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி வைத்து அதன்மேல் அழுத்துங்கள். இறுகியதும் கரண்டி முனையால் பெயர்ந்து வரும். விரிப்பு போட்டவர்கள் விட்டுச்சென்ற டேப்பின் பசைக்கு, துணியில் சிறிது தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்து, இளகியதும் வழித்து, எண்ணெய்ப் பசையை மேலே சொன்ன முறையில் போக்குங்கள். ஸ்பிரிட் பயன்படுத்துவோரும் உண்டு. அதன் சுத்தத்தைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. எண்ணெய் இருக்கையில் அது எதற்கு? வேலை முடிந்ததும் கையில் பசை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து அகற்றிவிட்டே உளூச் செய்யுங்கள். தோலில் நீர் படாமல் தடுக்கும் பசை இருந்தால் உளூ நிறைவேறாது.

கடைசியாக, மின்விசிறி போட்டு அடிவரை உலர்த்துங்கள். ஈரம் உள்ளே தங்கினால் நாற்றமும் பூஞ்சணமும் உண்டாகும். சீக்கிரம் உலரட்டும் என்று இஸ்திரிப் பெட்டியை வைத்துவிடாதீர்கள். இன்றைய விரிப்புகளில் பெரும்பாலானவை செயற்கை இழை, உருகிவிடும்.

நாயகத்தின் பள்ளியில்

கறை போக்கும் இந்த வேலை இழிவானது என்று எவரும் எண்ண வேண்டாம். கிப்லாச் சுவரில் யாரோ உமிழ்ந்த சளி ஒட்டியிருந்ததைக் கண்டு நாயகம் (ஸல்) அவர்கள் மனம் வருந்தி, தாமே எழுந்து சென்று தம் திருக்கரத்தால் சுரண்டி அகற்றியதை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் இருக்கிறது. பள்ளியைக் கூட்டிப் பெருக்கியவர் இறந்த செய்தி தமக்குச் சொல்லப்படாதது குறித்து வருந்தி, கப்ரைத் தேடிச் சென்று தொழுகை நடத்தினார்கள் அந்தக் கருணை நபி. மோதினார்தான் துடைக்க வேண்டும் என்று கைகட்டி நிற்கும் நாம், இதைச் சற்றே சிந்திக்க வேண்டாமா?

அந்தப் பள்ளியின் விரிப்பு எது? மண்ணும் சரளையும். கூரை பேரீச்ச மட்டை. ஒரு ரமலானின் இருபத்தொன்றாம் இரவு மழை பெய்து கூரை ஒழுகியது. ஸுப்ஹு தொழுது திரும்பியபோது நாயகம் (ஸல்) அவர்களின் நெற்றியிலும் மூக்கிலும் சேறு ஒட்டியிருந்ததை அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் தம் கண்ணால் கண்டிருக்கிறார்கள். அனஸ் (ரலி) அவர்களின் வீட்டில் விருந்துண்டபின், பழகிப் பழகிக் கறுத்துப்போன பாய் ஒன்றில் தண்ணீர் தெளித்துத் தர, அதன்மீதே நின்று தொழுதார்கள்.

அந்தப் பள்ளியிலேயே கிராமத்து அரபி ஒருவர் சிறுநீர் கழித்தார். தோழர்கள் அவரை நோக்கிப் பாய்ந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்து, அவர் முடிக்கும்வரை விடச் சொன்னார்கள். பிறகு ஒரு வாளித் தண்ணீரை அவ்விடத்தில் ஊற்றச் செய்தார்கள். அவரை அருகழைத்து, பள்ளிகள் இறைவனை நினைக்கவும் தொழவும் குர்ஆன் ஓதவும் உள்ளவை என்று இதமாக எடுத்துச் சொன்னார்கள். தோழர்களிடமோ, நீங்கள் எளிதாக்கவே அனுப்பப்பட்டவர்கள், கடினமாக்க அல்ல என்ற கருத்தை உணர்த்தினார்கள்.

சகோதரர்களே, சிந்தியுங்கள்! அங்கே பட்டது நஜிஸ். செய்தவர் வளர்ந்த மனிதர். நம் பள்ளியில் பட்டதோ சர்பத்; செய்தவன் சிறுபிள்ளை. அங்கே ஒரு வாளித் தண்ணீரோடு காரியம் முடிந்தது. இங்கே நாம் ஒரு பிள்ளையைத் தலைகுனிய வைத்து அனுப்பினோம்.

சிறுவர்களைப் பள்ளியை விட்டு விலக்கி வையுங்கள் என்றொரு அறிவிப்பைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அது பலவீனமானது என்பது ஹதீஸ்கலை அறிஞர்களின் முடிவு. பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே நாயகம் (ஸல்) அவர்கள் தொழவைத்தது ஸஹீஹான ஹதீஸ்.

நம் வட்டாரத்துக்கே இந்தப் பாடம் ஒருமுறை கண்முன் காட்டப்பட்டது. 2015 டிசம்பர் முதல் நாளில் தொடங்கிய மழை தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. சென்னையின் பல பள்ளிவாசல்கள் மதம் பாராமல் கதவைத் திறந்து மக்களைத் தங்கவைத்தன. சேறு படிந்த காலோடு வந்தவர்களிடம் விரிப்பைப் பற்றி எவரும் பேசவில்லை. அன்று இருந்த பெருந்தன்மை, புது விரிப்பு வந்ததும் எங்கே போயிற்று?

மறு கறை

அந்தச் சிறுவன் மூன்று நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் அஸருக்குப் பின் மோதினாரை அழைத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனோம். கதவுக்குப் பின்னால் நின்றே தாயார் பேசினார்: "ஹஜ்ரத், அவன் பாட்டனாருக்கு முட்டி மடங்காது. உள்ளே நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்குத்தான் கொண்டுபோயிருக்கிறான். நான்தான் சொல்லி அனுப்பினேன்."

நமக்கு நா எழவில்லை. இத்தனை பேர் தாழ்வாரத்தில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். உள்ளே ஒரு முதியவர் தனியாக இருக்கிறார் என்று நம்மில் எவருக்கும் தோன்றவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தோன்றியது. அவன் கையைப் பிடித்து, "தம்பி, தப்பு எங்கள் மேல். மன்னித்துவிடு" என்றோம். அவன் கேட்டது ஒன்றுதான்: "கறை போயிடுச்சா, ஹஜ்ரத்?"

அன்று தராவீஹுக்கு முன்பு அவனும் நாமுமாக உட்கார்ந்து, கேன் தண்ணீரும் வெள்ளைத் துணியுமாக அந்த இடத்தை ஒற்றி எடுத்தோம். பிசுக்கு போயிற்று. இரண்டாம் ஸஃபில் ஒரு மங்கலான தடம் மட்டும் இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், ஒவ்வொரு தொழுகையிலும் நமக்கு அது நினைவூட்டுகிறது.

இப்போது நம் பள்ளியில், உள்ளே அமரும் முதியோரின் நாற்காலிக்குக் கீழே நோன்பு திறக்கும் நேரத்தில் ஸுப்ரா விரிக்கிறோம். வாலிபர் இருவர் முறைவைத்து அவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோகிறார்கள். பெரியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டால், சிறியவர்களை அதட்ட வேண்டிய தேவையே வராது.

விரிப்பில் பட்ட கறைக்குத் தண்ணீர் இருக்கிறது, துணி இருக்கிறது, அவகாசமும் இருக்கிறது. பள்ளியில் அவமானப்பட்டுப் போன பிள்ளையின் உள்ளத்தில் படிந்த கறையை நாமே தேடிச் சென்று துடைத்தால்தான் உண்டு. நாட்கள் கடந்தால் அதுவும் ஊறிப்போகும். பிறகு அந்தப் பிள்ளை வாலிபனாகி, பள்ளியின் பக்கமே வரமாட்டான்.

வல்ல ரஹ்மான் நம் பள்ளிகளையும் வீடுகளையும் உள்ளங்களையும் தூய்மையாக்கி வைப்பானாக! நம் பிள்ளைகளைப் பள்ளிவாசலோடு இணைந்தவர்களாக ஆக்குவானாக! நம் கடுஞ்சொற்களை மன்னிப்பானாக! ஆமீன்.