அற்ப ஜந்துவுக்கு என்ன மதிப்பு?



சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஆண்டவர் படைத்தவற்றுள் அற்பமானது என்று ஒன்றும் இல்லை என்று அன்று பிரசங்கத்தில் சற்று உற்சாகமாகவே பேசியிருந்தேன். கூட்டம் கலைந்தபின் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்து, நம் தரமணியில் குடியிருந்து, கட்டட வேலை செய்து பிழைப்பவர். "சுவாமி, எங்கப்பா கடலட்டை எடுத்துத்தான் எங்களை வளர்த்தார். 2001-லே சட்டம் வந்திருச்சு. அதிலேருந்து அட்டையைத் தொட்டா ஜெயில். அட்டைக்கு இருக்கிற மதிப்பு எங்கப்பாவுக்கு இல்லையா?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. "பிறகு பேசுவோம்" என்று அனுப்பிவிட்டேன். குருமடத்தில் வருஷக்கணக்காய்த் தத்துவமும் வேதசாஸ்திரமும் படித்தவன் சொல்லத்தக்க பதிலா அது? அவருக்குச் சொல்ல வேண்டியதை உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

அந்த அட்டை வாழும் இடத்தை முதலில் பார்ப்போம். நம் பெசன்ட் நகர்க் கரையில் அலை ஓயாது. பாக் விரிகுடா அப்படியல்ல. கச்சத்தீவு அந்தோனியார் திருநாளுக்கு இராமேசுவரத்திலிருந்து படகேறிப் போனவர்களுக்குத் தெரியும். அது ஆழம் குறைந்த கடல். அதன் அடியிலும், தெற்கே மன்னார் வளைகுடாவிலும் பரந்த புல்வெளிகள் இருக்கின்றன. அது பாசி அன்று. வேரும் இலையும் பூவும் விதையும் உடைய மெய்யான தாவரம். தரையில் வளர்ந்த செடிகொடிகளின் வம்சத்தில் வந்து, பல கோடி வருஷங்களுக்கு முன் கடலுக்குத் திரும்பிப் போனது. இந்தியாவில் காணப்படும் ஏறக்குறைய பதினைந்து இனங்களில் பெரும்பாலானவை நம் தமிழ்நாட்டுக் கரையோரம்தான் உள்ளன.

இந்த வெளியில் ஆவுளியா என்னும் கடற்பசு மேய்கிறது என்பதைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 2022-ஆம் ஆண்டு தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரமாக 448 சதுர கிலோமீட்டர் பரப்பு அதற்கென்று காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் நான் சொல்ல வந்தது ஆவுளியாவைப் பற்றியல்ல. அதன் வாயில் புல்லோடு சேர்ந்து போகும் பொடிப் பிராணிகளைப் பற்றி.

ஒரு புல் இலையை நீருக்குள்ளேயே வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தால், அது ஒரு தெரு மாதிரி இருக்கும். இலையின் மேல் மெல்லிய பாசி படர்ந்திருக்கும். அதைச் சுரண்டித் தின்றுகொண்டு அரிசியளவு நத்தைகள். தெள்ளுப்பூச்சி போலத் துள்ளும் சிறு இறால் ஜாதிகள். குழாய் கட்டிக் குடியிருக்கும் புழுக்கள். இவை வெறுமனே தின்று திரிகின்றன என்று எண்ண வேண்டாம். பாசி தடித்துப்போனால் இலைக்கு வெயில் கிடைக்காது. வெயில் இல்லையேல் புல் சாகும். நம் வீட்டுப் பெண்கள் விடியுமுன் எழுந்து வாசல் தெளிப்பதுபோல இவை இலையைத் துடைத்துக்கொண்டே இருக்கின்றன.

புல்லின் வேருக்கடியில் இன்னொரு சங்கதி. இலைகள் உதிர்ந்து சேற்றில் அழுகும்போது, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஒரு விஷம் பிறக்கிறது. அது மிகுந்தால் வேரே கருகும். சேற்றில் புதைந்து வாழும் ஒருவகைச் சிறு சிப்பி, தன் செவுளில் நுண்கிருமிகளைக் குடிவைத்திருக்கிறது. அக்கிருமிகள் அந்த விஷத்தையே உண்டு சிப்பிக்குச் சோறு போடுகின்றன. புல் தன் பங்குக்கு வேர்வழியே காற்றைக் கசியவிட்டு இவற்றுக்கு உதவுகிறது. இம்மூவரின் கூட்டை விஞ்ஞானிகள் விளக்கி எழுதியது 2012-இல். கடற்பூவின் மகரந்தத்தை நீரோட்டம்தான் கொண்டுபோகிறது என்று வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். மெக்சிகோ நாட்டுக் கரையில், இரவில் பொடி இறால் ஜாதிகளும் புழுக்களும் ஆண் பூவிலிருந்து பெண் பூவுக்கு அதைச் சுமந்துபோவதை 2016-இல் வெளியிட்டார்கள். கடலிலும் தேனீ உண்டு! அந்தப் புல்லின் நெருங்கிய உறவு ஒன்று நம் மன்னார் வளைகுடாவிலும் வளர்கிறது.

நம்மவரின் கடலட்டையோ, மணலை விழுங்கி அதிலுள்ள அழுக்கைத் தின்று, சுத்தமான மணலை வெளியே தள்ளிக்கொண்டே நகர்கிறது. வயலுக்கு மண்புழு எப்படியோ, அடிக்கடலுக்கு அது அப்படி. எல்லாம் ஒன்றுக்கொன்று உதவி. அதனால் மீன் பெருகும். மீனால் மனிதன் பிழைப்பான். ஆகவே காப்பாற்றுங்கள் என்று இங்கே முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். நானும் அந்தப் பிரசங்கத்தை ஏறக்குறைய அப்படித்தான் முடித்தேன்.

நிற்க. எதற்கும் உதவாத ஒரு பிராணி இருந்தால் என்ன செய்வது?

வட அட்லாண்டிக் சமுத்திரத்தில் 1930-ஐ ஒட்டிய வருஷங்களில் ஒரு கொள்ளைநோய் வந்து, அங்குள்ள கடற்புல்லின் பெரும்பகுதி அழிந்தது. அந்தப் புல்லைத் தின்று வாழ்ந்த ஒருவகை வாத்து மளமளவென்று குறைந்தது. வேட்டைக்காரர்கள் கவலைப்பட்டார்கள், பறவை நிபுணர்கள் எழுதினார்கள். வாத்து வேறு பாசிகளைத் தின்னப் பழகித் தப்பித்துக்கொண்டது. அதே புல்லின் இலைமேல், அமெரிக்காவின் கீழ்க்கரையில், தொப்பி போன்ற ஓடுடைய ஒரு நத்தை இருந்தது. சுண்டுவிரல் நகத்தின் அளவு. அந்த இலையைத் தவிர அதற்கு வேறு வீடும் கிடையாது, வேறு சோறும் கிடையாது. உப்புக் குறைந்த கழிமுகங்களில் கொஞ்சம் புல் பிழைத்தது. ஆனால் உப்புக் குறைந்த நீரில் நத்தையால் வாழ முடியவில்லை. அது கடைசியாகச் சேகரிக்கப்பட்டது 1929-இல். அது உலகத்தில் இல்லை என்று ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தது 1991-இல். அறுபது வருஷம்! காட்சிசாலை இழுப்பறைகளில் அதன் ஓடுகள் இருந்தன. கடலில் அது இல்லை என்பது ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவரும் அதைத் தேடவில்லை.

அந்த நத்தை இல்லாததால் எந்த மீனவன் பட்டினி கிடந்தான்? நாம் அறிந்தவரை ஒருவனுமில்லை. அப்படியானால் நஷ்டம் யாருக்கு?

இந்தக் கேள்வியைச் சில நாட்களாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். தாழ்ந்த சிருஷ்டிகள் மனிதனுடைய உபயோகத்துக்காக உள்ளவை என்று குருமடத்தில் படித்தேன். அர்ச். அக்குவீனாஸ் தோமையார் அப்படித்தான் சொல்லுகிறார். ஆனால் அவரே இன்னோரிடத்தில், சிருஷ்டிகள் ஏன் இத்தனை விதமாய் இருக்கின்றன என்று கேட்டு, சர்வேசுரனுடைய நன்மைத்தனத்தை ஒரே சிருஷ்டியால் காட்ட முடியாது, ஒன்றில் குறைவதை மற்றொன்று காட்டவேண்டும் என்னும் கருத்தில் விடை கூறுகிறார். இரண்டையும் படித்தேன், பரீட்சையும் எழுதினேன். இத்தனை வருஷமாகப் பிரசங்கத்தில் சொல்லி வந்தது முதலாவதை மட்டுமே. அது சௌகரியமானது. காலஞ்சென்ற பிரான்சிஸ் பாப்பரசர், படைப்பைப் பற்றி 2015-இல் எழுதிய தமது நிருபத்தில் புழுக்களையும் பாசியையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டபோது, நான் பழைய புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டாவது கருத்து மெய்யானால் அந்த நத்தை ஒரு சொல். அதைச் சொல்ல வேறு ஜந்து கிடையாது. நாம் படிக்கும் முன்னே அந்தச் சொல் அழிந்துபோயிற்று. படிக்க ஆளில்லாவிட்டாலும் சொல் சொல்தானே?

"சரி சுவாமி, எங்கப்பா?" என்று அவர் கேட்பது எனக்குக் கேட்கிறது.

இரண்டு காசுக்கு ஐந்து குருவி விற்றதைப் பற்றி ஆண்டவர் பேசினார், நினைவிருக்கிறதா? இன்னோரிடத்தில் ஒரு காசுக்கு இரண்டு என்று விலை. அப்படியானால் ஐந்தாவது குருவி கொசுறு! அந்தக் கொசுறுக் குருவியும் மறக்கப்படவில்லை என்றார். அதே மூச்சில், நீங்கள் அநேகம் குருவிகளைவிட விலையேறப்பெற்றவர்கள் என்றும் சொன்னார். ஆகையால், ஐயா, உங்கள் தகப்பனார் அட்டையைவிட மேலானவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவரும் அட்டையும் ஒரே தராசில் எதிரெதிர்த் தட்டில் எப்படி வந்து உட்கார்ந்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

அவர்களை அங்கே உட்காரவைத்தது யார்? முத்துக்குளிப்பவனைப் போல மூச்சடக்கி மூழ்கி, ஒவ்வொன்றாய்க் கையால் பொறுக்கியவர் அவர். அவித்து, மணலில் புதைத்து, காயவைத்த அட்டை, சீன தேசத்துப் பணக்காரர் வீட்டுச் சூப்புக்குப் போயிற்று. அங்கே கேட்டவன் மேலும் மேலும் கேட்டான், அட்டை குறைந்தது, சட்டம் வந்தது. சட்டம் வந்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். பிடிபடுகிறவன் பெரும்பாலும் மூழ்கினவன்தான். விலை பேசினவன் தூரத்தில் இருக்கிறான். அந்தக் குடும்பத்துக்கு வேறு பிழைப்பு ஒன்றும் கிடைக்கவில்லை. மகன் தரமணிக்குச் சாந்துச்சட்டி சுமக்க வந்தார்.

அதே கடலில் விசைப்படகின் இழுவை வலை அடிமட்டத்தைத் துடைத்துக்கொண்டு போகிறது. இறாலுக்காகத்தான் இழுக்கிறார்கள். புல்லும், நத்தையும், நண்டுக்குஞ்சும், பெயரில்லாத நூறு ஜாதியும் கூடவே வருகின்றன. கரையில் இந்தக் குவியலுக்குச் சங்காயம் என்று பெயர். காயவைத்து அரைத்துக் கோழித் தீவனத்துக்குப் போகும். எண்ணிப் பார்ப்பாரில்லை. விசைப்படகுக்காரரைத் திட்டுவது எனக்கு எளிது. அவருக்குக் கடன் இருக்கிறது, டீசல் விலை இருக்கிறது, கூலிக்குப் போகும் பையன்களில் நம்மவர்களும் உண்டு. திருநாளுக்கு இறால் வாங்கிவர நம் குசினிக்காரரிடம் காசு கொடுப்பது நான். காலையில் முட்டை சாப்பிடுவதும் நான். கோழியின் வயிற்று வழியாக எத்தனை கொசுறுக் குருவி என் தட்டுக்கு வந்ததோ!

இதையெல்லாம் அந்த நண்பரிடம் சென்ற வாரம் வாசற்படியில் உட்கார்ந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்பா சின்ன அட்டையைத் தொடமாட்டார் சுவாமி. கையிலே வந்தாலும் புல்லுக்குள்ளேயே விட்டுருவார். மத்தவங்க சிரிப்பாங்க" என்றார்.

"ஏன் அப்படி?" என்று கேட்டேன்.

"நான் கேட்டதில்லை. அடுத்த மாசம் ஊருக்குப் போறேன், கேட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, இதைப் பத்திரிகையில் எழுதுவதானால் அப்பா பெயரை மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.