பால் பல்தானே என்று விட்டுவிடாதீர்கள்

வார்டில் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கும் அம்மா, உங்களிடம்தான் பேசுகிறேன். குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்ன நாளிலிருந்து எல்லாவற்றையும் வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். எந்த மருந்து, எத்தனை மில்லி, என்றைக்கு முதுகில் ஊசி... எதிலும் உங்கள் கைக்கு வேலையில்லை என்று துவண்டு கிடக்கிறீர்கள். எழுந்திருங்கள்! பெரிய வேலை ஒன்று உங்களுக்காகக் காத்திருக்கிறது. அது உங்கள் பிள்ளையின் வாய்க்குள் இருக்கிறது.

"உசுரே ஊசலாடுது, இப்ப பல்லா முக்கியம்? பால் பல்தானே, விழுந்து முளைக்கும்" என்பார்கள் பக்கத்துக் கட்டில்காரர்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கீமோ மருந்து புற்றணுக்களை அழிக்கும்போது, கிருமிகளோடு போராடும் வெள்ளையணுக்களையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது. அந்த நாட்களில் ஒரு சொத்தைப் பல், கிருமிகள் ரத்தத்துக்குள் நுழைய வாசல் திறந்துவிடும். காய்ச்சல் வரும். அடுத்த கீமோ தள்ளிப்போகும். பல்லைக் காப்பதும் சிகிச்சைதான், அம்மா.

சொத்தை பெரும்பாலும் நம் பாசத்தின் வழியாகவே வருகிறது. சொல்லவே வலிக்கிறது, சொல்லாமல் இருக்கவும் முடியாது. கசப்பு மாத்திரையைப் பொடித்துச் சர்க்கரையில் குழைத்து ஊட்டுகிறோம். பல சிரப்புகளிலும் சர்க்கரை. ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் அகோரப் பசி. குழந்தை நடுராத்திரி எழுந்து பிஸ்கட் கேட்கும், சர்க்கரை போட்ட பால் கேட்கும். பாவம் என்று கொடுத்துத் தூங்கவைப்போம். கீமோவால் எச்சில் குறைந்து உலர்ந்த வாயில், கிருமிகள் அந்தச் சர்க்கரையை விடிய விடிய அமிலமாக்கிப் பல்லை அரிக்கும். பசிக்குக் கட்டாயம் கொடுங்கள். இட்லி கொடுங்கள், வேகவைத்த முட்டை கொடுங்கள். மருந்தை ஒருபோதும் நிறுத்தாதீர்கள்; சர்க்கரை இல்லாத சிரப் உண்டா என்று டாக்டரிடம் தைரியமாகக் கேளுங்கள். எது கொடுத்தாலும் பின்னாலேயே தண்ணீர்.

காலையும் இரவும் பிரஷ். மிக மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட். மூன்று வயதுக்குள் என்றால் ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. வேப்பங்குச்சி, உப்பு, கரித்தூள் எதுவும் இப்போது வேண்டாம், ஈறு கிழிந்துவிடும். வாந்தி எடுத்தால் முதலில் தண்ணீரால் கொப்பளிப்பு, அரை மணி கழித்துத்தான் பிரஷ். பிளேட்லெட் குறைந்து ஈறில் ரத்தம் கசிந்தாலோ, வாய்ப்புண்ணில் துடித்தாலோ நர்ஸிடம் கேட்டு, ஈரத் துணியால் மெல்லத் துடைத்துவிடுங்கள். பல் டாக்டரிடம் போவதென்றால் புற்றுநோய் டாக்டர் ரத்த அணுக்களின் கவுண்ட் பார்த்து நாள் சொல்லட்டும். அவருக்குத் தெரியாமல் தெருமுனை கிளினிக்கில் பல் பிடுங்கவே கூடாது.

"இவ்வளவும் எதற்கு, பிழைத்து வந்தால் போதாதா?" என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அந்தக் குரலை அடக்குங்கள்! 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் மருந்து கொடுத்து இந்த நோயை முதன்முதலாக அடக்கிக் காட்டியபோது, அது சில மாதங்களுக்குத்தான் அடங்கியது. இன்று, நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில், குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ரத்தப் புற்றுநோய் வகையில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். உங்கள் பிள்ளை வளரப் போகிறான். நாற்பது வயதில் முறுக்கைக் கடிக்கப் போகிறான். சின்ன வயதில் கீமோ எடுத்தால், தாடைக்குள் உருவாகும் நிலைப்பற்களின் வேர் குட்டையாகிவிடக்கூடும். அதனால் முளைக்கும் ஒவ்வொரு பல்லும் அவனுக்குச் சொத்து. பிரஷ்ஷை எடுக்கும்போதெல்லாம் அந்த நாற்பது வயதுக்காரனை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்றிரவு அவன் தலையைத் திருப்புவான், அழுவான், வாயை இறுக்கிக்கொள்வான். மருந்து ஏறும் ட்யூப் இழுபடாமல் மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். பின்னந்தலை உங்கள் மார்பில் இருக்கட்டும். உதட்டை ஒரு விரலால் மெல்லத் தூக்குங்கள். மேல் கடைவாயிலிருந்து ஆரம்பியுங்கள்.