உறக்கத்தில் மூச்சின் காவல்

உறங்குகிறவரிடம் மூச்சு இருக்கிறது, அறிவு இல்லை. உயிர் என்பது எது என்ற வழக்கில் இந்திய மெய்யியல் பலமுறை இந்த ஒரு செய்தியைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறது. பிருகதாரணியக உபநிடதத்தில் அஜாதசத்துரு, கல்விச் செருக்குள்ள பாலாகியின் கையைப் பிடித்து, தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவனிடம் அழைத்துப்போகிறான். பெரிய பெரிய பட்டங்களைச் சொல்லிக் கூப்பிட்டும் தூங்குபவன் எழவில்லை; கையால் தட்டிய பிறகே எழுகிறான். அத்தனை நேரமும் மூச்சு அவனுக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அறிகிற பொருள் மூச்சே என்றால், கூப்பிட்டதும் அது கேட்டிருக்க வேண்டுமே என்று சங்கரரின் உரை வாதிடுகிறது.

13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் இதையே இன்னும் இறுக்கமாக வைத்தார். உடலே ஆன்மா, பொறிகளே ஆன்மா என்று வரிசையாக வரும் கட்சிகளுள் பிராணனே ஆன்மா என்பதும் ஒன்று. அவர் தரும் மறுப்பு சில சொற்களில் முடிந்துவிடுகிறது: உறக்கத்தில் மூச்சு நடந்தும் நுகர்ச்சி இல்லை, செயலும் இல்லை, ஆகவே நுகர்பவன் மூச்சுக்கு வேறானவன். அவருடைய மாணவர் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் மூச்சுக்கு ஒரு வேலையும் கொடுக்கிறார். உலா முடிந்து திரும்பும் அரசன் வாயில்தோறும் படையை நிறுத்திவிட்டுக் கடைசியில் அந்தப்புரத்துக்குள் தனியே போவதுபோல, ஆன்மாவும் கருவிகளை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, மூச்சை உடலுக்குக் காவல் வைத்து உள்ளே ஒடுங்குகிறது. பிரசின உபநிடதமும் உடல் என்னும் நகரில் எல்லாம் உறங்கும்போது பிராணத் தீக்கள் மட்டும் விழித்திருப்பதாகச் சொல்கிறது.

இந்த வாதங்களுக்கெல்லாம் அடியில், உறக்கத்தில் மூச்சு தடையில்லாமல் நடக்கிறது என்ற எண்ணம் இருக்கிறது. ஸ்லீப் ஆப்னியா என்று மருத்துவர்கள் சொல்லும் உறக்க மூச்சடைப்பு அந்த எண்ணத்தில்தான் கைவைக்கிறது.

தொண்டையின் மென்மையான பகுதியைத் திறந்து வைத்திருப்பவை தசைகள், முக்கியமாக நாக்கை முன்னிழுத்து நிறுத்தும் தசை. தூக்கத்தில் அவை தளரும். கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்கும் கீழ்த்தாடை சிறுத்தவர்களுக்கும் அந்தத் தளர்ச்சியிலேயே வழி அடைபட்டுப்போகலாம். மார்பும் வயிறும் மூச்சிழுக்கப் போராடும், காற்று மட்டும் உள்ளே போகாது. குறைந்தது 10 வினாடி இப்படி நின்றால் அது ஒரு மூச்சடைப்பு என்று கணக்கு. மூச்சு அடியோடு நிற்பதும் பெருமளவு குறைவதுமாக மணிக்கு 5 முறைக்கு மேல் நேர்ந்தால் நோயின் தொடக்கம். 30ஐ எட்டினால் கடுமை.

மூச்சு நின்றதும் இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, கரியமில வாயு ஏறுகிறது. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் உள்ள மிகச் சிறிய உறுப்பொன்று அதை உணர்ந்து மூளைத்தண்டுக்குத் தெரிவிக்கிறது. பரிவு நரம்புகள் முடுக்கப்பட்டு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூளை சில வினாடி விழிப்புக்கு வருகிறது. தொண்டைத் தசை இறுகி, பெரும் குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. சுருங்கிக் கிடக்கும் குழாய்களுக்குள் இதயம் அப்போது வேகமாக இரத்தத்தைத் தள்ளுவதால், அழுத்தம் உச்சத்தைத் தொடுவது மூச்சு நின்றிருக்கும்போது அல்ல, அது மீண்டு வரும்போதுதான். நலமாக இருப்பவருக்கு இரவில் இரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். மூச்சடைப்பு உள்ளவர்கள் பலருக்கு அந்த இறக்கமே இருப்பதில்லை.

இரவோடு முடிந்தால் பரவாயில்லை, முடிவதில்லை. பரிவு நரம்புகளின் முடுக்கம் பகலிலும் தொடர்கிறது, குழாய்ச் சுவர்களின் நெகிழ்வு குறைகிறது, உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும் ஹார்மோன்கள் கூடுகின்றன. 1997இல் கனடாவின் டொரான்டோ ஆய்வாளர்கள் நாய்களிடம் இதைச் சோதித்தார்கள். தூங்கும்போதெல்லாம் மூச்சுவழியை அடைத்தபோது பகல் அழுத்தமும் ஏறியது. அடைக்காமல் ஒலியெழுப்பித் தூக்கத்தை மட்டும் கலைத்தபோது இரவு அழுத்தம் ஏறியதே தவிர, பகலில் ஏறவில்லை. கெடுதல் தூக்கம் கலைவதோடு நிற்கவில்லை, மூச்சு முட்டுவதில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மனிதர்களை நான்கு ஆண்டு தொடர்ந்து பார்த்த அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வு 2000இல் வெளிவந்தது. மணிக்கு 15 முறையோ அதற்கு மேலோ மூச்சடைத்தவர்களுக்கு, அடைப்பே இல்லாதவர்களைவிட உயர் இரத்த அழுத்தம் இருப்பதற்கான வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்றது அது. 2003இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல், உயர் இரத்த அழுத்தத்தின் அடையாளம் காணத்தக்க காரணங்களுள் ஒன்றாக உறக்க மூச்சடைப்பையும் சேர்த்தது.

இப்போது மெய்யியல் கேள்விக்குத் திரும்பலாம். அருணந்தியின் உவமையில் காவலாளி ஒருவன்தான். நோயோ காவலாளிக்கும் ஒரு காவல் உண்டு என்று காட்டுகிறது: மூச்சு தவறினால் அதை எழுப்ப வேறொன்று விழித்திருக்கிறது. அதுவும் அரசன் அல்ல. கழுத்திலுள்ள உறுப்பும் மூளைத்தண்டும் செய்கிற அந்த வேலை, உறங்குகிறவருக்குத் தெரியாமலே ஓரிரவில் நூற்றுக்கணக்கான முறை நடந்து முடிகிறது. பிராணான்மவாதத்துக்கு இது நல்ல செய்தி அல்ல. பிறிதொன்றால் எழுப்பப்படும் மூச்சு, எல்லாவற்றையும் ஆளும் உயிராக இருக்க வழியில்லை. மெய்கண்டாரின் மறுப்பு இந்த இடத்தில் வலுக்கிறது.

வேறொரு பழைய வாதம் அவ்வளவு சுலபமாகத் தப்பவில்லை. ஆழ்ந்து உறங்கி எழுந்தவர், “சுகமாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை” என்கிறார். அத்வைதிகள் இதை நினைவு என்று கொள்வார்கள். நினைவு இருந்தால் முன்பே அனுபவம் இருந்திருக்க வேண்டும், ஆகவே உறக்கத்திலும் ஒரு சாட்சி இருந்தது. இராமானுசர் அதே வாக்கியத்திலுள்ள ‘நான்’ உறக்கத்திலும் அழியவில்லை என்பதைப் பிடித்துக்கொள்வார். நியாயவாதிகள் அது நினைவே அல்ல, எழுந்தபின் உடலின் தெளிவைக் கண்டு செய்யும் அனுமானம் என்பார்கள். மூச்சடைப்பு உள்ளவரும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார். ஆனால் அவர் இரவெல்லாம் மூச்சுமுட்டி மீண்டும் மீண்டும் விழித்திருக்கிறார்; அந்த விழிப்புகள் நினைவில் தங்காத அளவுக்குக் குறுகியவை. அவர் உண்மையான சுழுத்தியை, அதாவது ஆழ்ந்த உறக்கத்தை, எட்டவே இல்லை என்று அத்வைதி பதில் சொல்லலாம். சாட்சி பிழைக்கும், ஆனால் அதற்குக் காட்டிய ஆதாரம் பழுதுபடும்: எட்டாத சுழுத்திக்கும் அதே வாக்கியம் வருமானால், அதைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது. நியாயவாதியின் நிலை சற்று மேல். காலைத் தலைவலி, உலர்ந்த வாய், பகல் அசதி ஆகியவை நோயாளியைச் சரியான முடிவுக்குக் கொண்டுபோகக்கூடும். ஆண்டுக்கணக்கில் அந்த அசதியே பழகிப்போனவருக்கு அனுமானமும் வழுக்கும்.

அறிவதற்கான வழிகளாகச் சைவ சித்தாந்தம் காண்டல், கருதல் (அனுமானம்), உரை என்ற மூன்று அளவைகளைக் கொள்கிறது. தன் உறக்கத்தைப் பொறுத்தவரை ஒருவருக்குக் காண்டல் இல்லை, கருதலும் நம்பத்தக்கதல்ல; எஞ்சுவது உரை. நூலாசிரியர்கள் இந்த அளவையில் மனத்தில் வைத்திருந்தது ஆகமம். மருத்துவர் கேட்பது, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியோ கணவரோ சொல்லும் வார்த்தையை. குறட்டை திடீரென்று நின்று, வீடே ஒரு கணம் அமைதியாகி, பிறகு வெடித்து வருவதை அவர்தான் முதலில் அறிகிறார். உறக்க ஆய்வுக்கூடத்தில் மூளை அலை, மூச்சோட்டம், ஆக்சிஜன் எல்லாம் பதிவாகும்போதும், காண்டல் கிடைப்பது பார்க்கிற பிறருக்கே.

1981இல் சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர், மூக்கின் வழியே இடைவிடாமல் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் முறையை வெளியிட்டார்கள். அந்தக் கருவி மூச்சு விடுவதில்லை, வழியை மட்டும் அடையாமல் காக்கிறது. இந்தச் சிகிச்சையால் இரத்த அழுத்தம் சராசரியாக 2 முதல் 3 மில்லிமீட்டர் பாதரச அளவே குறைகிறது. பல மருந்துக்கும் அடங்காத அழுத்தம் உள்ளவர்களுக்கு இதைவிடக் கூடுதல் பலன் கிடைப்பதுண்டு. மருந்து, எடைக் குறைப்பு ஆகியவற்றுக்கு இது மாற்று ஆகாது.

மூச்சு அறிபவன் அல்ல என்பது வரைதான் இந்த நோய் சொல்லும் சாட்சி. அறிபவன் உடலுக்கும் வேறானவன் என்ற அடுத்த படிக்கு அது உதவாது. காவலைக் காத்தது மூளைத்தண்டு, அதாவது உடல்தான் என்று உடலே ஆன்மா என்பவர் உரிமை கொண்டாடலாம். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை மெய்கண்டார் உறக்கத்தில் தேடவில்லை. உடலை ‘என் உடல்’ என்று உடைமையாகச் சுட்டுகிறவர் யார் என்ற கேள்வியாக, அதே சூத்திரத்தின் வேறொரு பகுதியில் வைத்திருக்கிறார்.