யாருடைய நேரத்தில் எழுதுவது?

கல்பிட்டியில் 1807ஆம் ஆண்டு பிறந்த சைமன் காசிச்செட்டிக்கு எழுத்து உத்தியோகம் அல்ல. புத்தளத்தில் மணியகாரராக இருந்தார். 1838 முதல் 1845 வரை சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி. கடைசியாகச் சிலாபத்தில் மாவட்ட நீதிபதி. இவ்வளவுக்கும் நடுவே 1834இல் இலங்கையின் ஊர்களையும் மாகாணங்களையும் விவரிக்கும் ‘சிலோன் கசற்றியர்’, 1841இல் ‘உதயாதித்தன்’ என்ற தமிழ் மாத இதழ், 1859இல் ஏறத்தாழ இருநூறு புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் சொல்லும் ‘தமிழ் புளூட்டாக்’ என்று வந்துகொண்டே இருந்தன. மறு ஆண்டு, 53 வயதில், காலமானார். பென்சன் எடுத்த பிறகு ஆறுதலாக எழுதுவோம் என்று இருந்திருந்தால் ஒரு புத்தகமும் மிஞ்சியிராது.

அவர் தந்த காலக்கணக்குகளைப் பின்வந்தோர் பல இடங்களில் திருத்தவேண்டியிருந்தது. அதனால் என்ன? 1886இல் சதாசிவம்பிள்ளை புலவர் வரலாறுகளைத் தமிழில் சொல்லும் ‘பாவலர் சரித்திர தீபகம்’ எழுதியபோது முன்னால் ஒரு வழி வெட்டிக் கிடந்தது. குறையோடு செய்யப்பட்டது திருந்தும். செய்யாமல் விட்டதைத் திருத்த ஆளில்லை.

ஆனால் நேரம் எங்கிருந்தோ எடுக்கப்பட்டுத்தான் ஆகவேண்டும். நீதிபதி புலவர் சரித்திரத்தில் மூழ்கி வழக்கைத் தவணை போட்டால், நட்டம் வெயிலில் நடந்து வந்த வழக்காளிக்கு. மணியகாரர் ஊர் விவரம் கேட்டால், சொல்ல நேரமில்லை என்று எந்தக் கிராமத்தான் திருப்பி அனுப்புவான்? காசிச்செட்டி அப்படிச் செய்தார் என்பதல்ல பேச்சு. பதவியில் இருந்து எழுதும் எவருக்கும் இந்த ஆபத்து உண்டு. எத்தனை மணிநேரம் எழுதினார் என்பதைவிட, அந்த மணிநேரத்தைக் கொடுத்தவருக்கு ‘முடியாது’ என்று சொல்ல இடம் இருந்ததா என்பதே பெரிய கேள்வி.

இன்றும் நிலைமை அதிகம் மாறிவிடவில்லை. இலங்கையில் தமிழில் எழுதுவோரில் ஆசிரியரும் கந்தோர் உத்தியோகத்தரும் ஏராளம். சம்பளத்தில் மிச்சம் பிடித்தோ, வீட்டு நகையை ஈடு வைத்தோ அச்சகத்துக்குக் காசு கட்டுகிறார்கள். வெளியீட்டு விழாவில் முதற்பிரதியை ஊர் வர்த்தகர் ஒருவர் வாங்குவார். கடித உறைக்குள் எவ்வளவு வைப்பது என்பது அவர் விருப்பம். தலைமையாசிரியர் தன் கவிதைத் தொகுதியைத் தன்கீழ் வேலைசெய்யும் ஆசிரியர்களிடம் நீட்டும்போது அந்த விருப்பம் இல்லாமல் போகிறது. அடகுக் கடைக்குப் போகும் சங்கிலி யாருடையது என்பதும் அப்படியே. கணவன் எழுதினால் வீடே சத்தம் குறைத்து நடக்கும். மனைவி எழுத வேண்டுமென்றால் சட்டிபானை கழுவி, பிள்ளைகளைப் படுக்கவைத்த பிறகுதான். இதற்குத் தொழிலுக்கும் எழுத்துக்கும் நடுவிலான சமநிலை என்று பெயர் வைப்பது பொருந்தாது.

நேரம் கிடைத்துவிட்டால் கலை தானே வளரும் என்ற நம்பிக்கையும் சந்தேகத்துக்குரியது. மீனவர் ஊரான உடப்பில் கரைவலை இழுக்கும்போது பாடுவது அம்பாப் பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அந்தத் தாளத்துக்குத்தான் குதிகால் மணலில் ஊன்றும், கயிறு கரைக்கு ஏறும். அங்கே பாட்டுக்கென்று தனி நேரம் ஒதுக்கியவர் யாரும் இல்லை. டிராக்டரில் பூட்டிய வின்ச் கயிறு இழுத்தால் முதுகுக்கு ஓய்வு. பாட்டுக்கு வேலை இல்லை. அதற்காக முதுகை மறுபடி வளைக்கச் சொல்ல எவருக்கும் உரிமை கிடையாது, பாட்டை நேசிக்கிறவருக்குக்கூட.

காசிச்செட்டிக்கும் தொழில் எழுத்துக்குக் குறுக்கே நிற்கவில்லை என்றே தோன்றுகிறது. புத்தளம் பக்கத்துத் தம்மன்னா நுவர இடிபாடுகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஆசியக் கழக இதழில் வந்தது. அந்த வட்டாரத்தில் உத்தியோகம் பார்த்தவருக்குக் காடும் கல்லும் கைக்கெட்டிய தூரம். தொழிலிலிருந்து விஷயத்தை எடுப்பது களவல்ல. தொழிலுக்குரிய நேரத்தையும், கீழே இருப்பவரின் தயக்கத்தையும் சேர்த்து எடுக்கும்போதுதான் கணக்குப் பிழைக்கிறது. தலைமையாசிரியர் தன் புத்தகத்தை ஆசிரியர் அறையில் விற்காமல் கடையில் வைக்கலாம். விற்பனை குறையும். வாங்குகிறவர் வாசிக்க வாங்குவார்.