பெயரும் பொறுப்பும்

தான் செய்த பொருளை எவர் பயன்படுத்துவர் என்பதை அறியாத ஒருவன், அவருக்குக் கடமைப்பட்டவனா? குயவன் தன் ஊராருக்குப் பானை வனைந்த காலத்தில் இவ்வினா எழவில்லை. பானை ஒழுகினால் எவர் வாசலுக்குச் செல்வது என்பதை ஊர் அறிந்திருந்தது. செய்பவனும் பெறுபவனும் ஒருவர் முகத்தை ஒருவர் காணாத இன்றைய தொழிலுலகிலோ, முகத்தின் இடத்தை ஓர் இலக்கம் எடுத்துக்கொண்டுள்ளது. அவ்விலக்கத்தின் அறப்பொருளை விமான உதிரிப்பாகங்களைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விமானத்தின் உயிர்நிலையான பாகங்களில், வகையைக் குறிக்கும் பாக இலக்கமும், அந்த ஒன்றை மட்டும் குறிக்கும் தொடரிலக்கமும் பொறிக்கப்படுகின்றன. ஊசிமுனையாற் புள்ளியிட்டோ, லேசர்க் கதிராலோ, மின்னிரசாயன முறையில் அரித்தோ அவை எழுதப்படும். எந்த உருக்கிற் பிறந்தது, எவர் சோதித்தார், எத்தனை பறப்புகளைக் கண்டது என்னும் வரலாறு அவ்விலக்கத்தின் கீழ்ப் பதிவேட்டில் நிற்கும். பொறிக்கும் இடமும் விதிக்கு உட்பட்டதே. ஆழ்ந்த கீறலொன்று வெடிப்பின் தொடக்கமாகலாம் ஆதலின், தகைப்புக் குறைந்த இடத்திலேயே குறியிடல் வேண்டும். அடையாளம், தான் அடையாளப்படுத்தும் பொருளைப் புண்படுத்தலாகாது. இவ்விதி பொறியியலுக்கு மட்டும் உரியதன்று.

நம்பிக்கை பொய்த்தால் விளைவது யாது? 1989 செப்டெம்பர் 8 ஆம் திகதி ஒஸ்லோவிலிருந்து ஹம்பேர்க் நோக்கிச் சென்ற விமானமொன்று கடலில் வீழ்ந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். வாலின் செங்குத்துச் செட்டையைப் பிணைத்திருந்த மரையாணிகளிற் சில, உரிய வலிமையற்ற போலிகள் என விசாரணை கண்டது. 2023 ஆம் ஆண்டிலும், பொய்ச் சான்றிதழ்களுடன் விமான இயந்திர உதிரிகள் விற்கப்பட்டமை வெளியாயிற்று. வெளிப்படையான குறையை மனிதன் ஐயுறுவான். மெய்போலத் தோன்றும் பொய்யை நம்புவான். ஆதலாற் போலிக்குறி, குறியின்மையிலும் கொடிது.

அதே 1989 இல், யூலை 19 ஆம் திகதி, அமெரிக்காவின் சூ சிற்றியில் டீ.சீ. 10 விமானமொன்று விபத்துக்குள்ளாகி, அதிலிருந்த 296 பேரில் 112 பேர் இறந்தனர். வால் இயந்திரத்தின் டைட்டேனியத் தட்டொன்று பறக்கையிற் சிதறியமையே காரணம். மூன்று மாதங்களின் பின் சோளவயலிற் கிடைத்த அத்தட்டின் தொடரிலக்கம், அது உருவான 1970களின் தொடக்கத்துக்கு ஆய்வாளரை அழைத்துச் சென்றது. ஆங்கே ஒரே இலக்கம் இரு தட்டுகளுக்கு எழுதப்பட்டிருந்தமை தெரியவந்தது. எனினும், பதிவுகளின் துணைகொண்டு அதே உருக்கிற் பிறந்த ஏனைய தட்டுகள் தேடி அகற்றப்பட்டன. இரண்டில் அதனையொத்த குறை காணப்பட்டது. தம்மைக் காத்தது எது என்பதை அறியாமலே பயணஞ் செய்தோர் எத்தனை பேரோ!

இலக்கம் என்பது குற்றவாளியைப் பிணிக்கும் கயிறு என்று கருதுவாருமுளர். அது முழு உண்மையன்று. வெடிப்பைக் காணத் தவறிய ஆய்வாளனோடு அவ்விசாரணை நின்றுவிடவில்லை. மனித ஆற்றலின் வரம்புகளைப் போதியளவு கருதாத பரிசோதனை முறையையே அது காரணமாகச் சுட்டியது. இலக்கம் கையிலிருந்து கையை இயக்கிய அமைப்புவரை ஏறிச் சென்றது.

இவ்வொழுங்கு நம் அயலில் நிலவுகின்றதா? பேராதனை வளாகத்தின் மேலே நிற்கும் ஹந்தானை மலைக்கு அப்பால், தோட்டமொன்றில் என் தாயார் கொழுந்தெடுக்கின்றார். அங்கே ஒருநாள் முழு வேலையையும் அதற்குரிய கூலியையும் 'பேர்' என்றே வழங்குவர். நிறுவையிற் கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. சென்ற ஆண்டு ஒருநாள், களை மண்டிக் காடாகிக் கிடந்த மலையில் மழையோடு எடுத்த கொழுந்து குறைந்தது. தாயாருக்கு அரைப்பேர் விழுந்தது. பதிவேடு அவருடைய இலக்கத்தையும் குறைந்த கிலோவையும் காட்டிற்று. களையெடுப்பியாது விட்டவர் எவர் என்பதைக் காட்டவில்லை. நல்ல தேயிலை கொழும்பு ஏலத்துக்குச் செல்லும்போதோ, பொதியில் இருப்பது தோட்டத்தின் பெயர். குறைக்குத் தொழிலாளியின் இலக்கம். நிறைக்கு உடையவரின் பெயர்!

எனவே, பெயர் பொறிப்பது மட்டும் அறமாகாது. பொறிப்பவன் உண்மையைப் பொறித்தல் வேண்டும். பொறிக்கப்பட்ட இலக்கம் மேலேறிச் செல்லவும் வழி இருத்தல் வேண்டும். முன்னது செய்பவனின் கடமை. பின்னது ஆள்பவனின் கடமை. ஒன்றின்றி மற்றையது நில்லாது.

இன்று பரீட்சைத் தாளிற் சுட்டெண்ணை மட்டும் எழுதும் நாம், நாளை ஆசிரியராயும் நிருவாகியாயும் எத்தனையோ தாள்களிற் கையொப்பமிடப் போகின்றோம். முகமறியாத ஒருவரின் வாழ்வு அவ்வொப்பத்தின்மீது தங்கியிருக்கும். அவர் தேடி வரும் நாளில், "அது என் கையெழுத்தே, காரணம் கூறுகின்றேன்" என்று எழுந்து நிற்கத் துணிவோமாயின், நம் பெயருக்கும் பொருள் உண்டு.